ஏழாவது குண்டு

"கண்ணாடி எதுக்கு, மா மஞ்சுளா? குறி பாக்கிற நேரத்துல கன்னத்துக்குத் தனக்காச் சாந்து பூசிக்கவா?"

பர்மிய வழக்கப்படி பெண்ணுக்கு 'மா' போட்டு பிரேம்நாத் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மஞ்சுளா சிரிக்கவில்லை. சக்கர நாற்காலியின் பிரேக்கை அழுத்திப் பூட்டினாள். பழைய சைக்கா ரிக்ஷா ஒன்றிலிருந்து கழற்றிய அந்தச் சின்னக் கண்ணாடியைத் துப்பாக்கித் தாங்கியின் முனையில் திருகி, குழலின் வாய் தெரியும்படி சாய்த்தாள்.

"உன் கையைப் பாக்கத்தான், கோ பிரேம். மூஞ்சி எனக்கு மனப்பாடம்."

2019 டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை காலை. தன்லியின் என்ற ஊரின் பாலத்தைத் தாண்டி, தொழிற்சாலைச் சுவர்களெல்லாம் முடிந்த பிறகு வரும் புல்வெளியில் துப்பாக்கிக் கிளப்பின் ஆண்டுப் போட்டி. தூரம் முந்நூறு கஜம். தோட்டாவைச் சொருகிச் சுடுகிற நவீன ஜாதித் துப்பாக்கி அல்ல. குழலின் வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து, நீளக் கோலால் அடிவரை குத்தி இறக்கி, பின்னால் 'கேப்பு' என்ற சின்ன வெடிமூடியை மாட்டிச் சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் இத்தனை சடங்கு.

மஞ்சுளாவுக்கு இந்தச் சடங்கு தண்ணீர் பட்ட பாடு. மூன்று வருடம் தொடர்ந்து பிரேம்நாத்தைத் தோற்கடித்தவள். நாலாவது வருடம் பசுந்தாங் முனையில் ஒரு பஸ் அவள் இடுப்பை நசுக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து கோப்பை பிரேம்நாத் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

மருந்தையும் குண்டையும் நின்றபடிதான் கெட்டிக்க வேண்டும் என்பது கிளப் விதி. அதில் நியாயம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பின்கட்டையைத் தரையில் ஊன்றினால் குழலின் வாய் நேராக முகவாயைப் பார்க்கும். பசுந்தாங்கில் லேத் பட்டறை நடத்துகிற மஞ்சுளா அதற்கு ஒரு வழி செய்திருந்தாள். சுழலும் தாங்கி. கெட்டிக்கும்போது குழல் அவளை விட்டு விலகி மேலே சாயும். சுடும்போது இறங்கிக் குறியைப் பார்க்கும். மருந்து சரிவில் ஒட்டாமல் அடிக்கே போய்ச் சேர நீளமான பித்தளைக் குழாய். எல்லாம் அவளே கடைந்தவை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவள் உடம்பு ஒத்துழைக்கவில்லை. குண்டைக் கடைசி ஒரு சாண் இறக்க ஆள் பாரம் வேண்டும். இடுப்புக்குக் கீழே பிடிமானம் இல்லாதவள் என்ன செய்வாள்? கோலை அழுத்த ஒரு துணையாள் தேவை.

கமிட்டி நாலு மாதம் இழுத்தடித்தது. கடைசியில், செயலாளர் என்ற முறையில் பிரேம்நாத்தே விதியை எழுதினான். துணையாள் எதிர்ப் போட்டியாளர்களில் ஒருவராக இருக்க வேண்டும்; அப்போதுதான் காற்றைப் பற்றி ரகசியம் பேச முடியாதாம். பாதியில் ஆளை மாற்றக் கூடாது. குண்டு வெடிக்கும்வரை துணையாள் குழலுக்கு ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். எட்டிப் போய்ச் சைகை காட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: சோதனையாக இந்த ஆண்டுப் போட்டியில் பத்துக் குண்டையும் நாற்பது நிமிடத்தில் சுட்டு முடிக்க வேண்டும். நடுவில் சுடுபவர் ஒருமுறை 'நிறுத்து' என்று சொன்னாலும், உட்கார்ந்து சுடுவது ஆபத்து என்று எழுதி விதியைக் கிழித்துவிடுவார்கள்.

கிழிபடப்போவது அவளுடைய விதி மட்டுமல்ல. அவளுக்குப் பின்னால் ஏழு பேரின் விண்ணப்பம் காத்திருந்தது. முதல் பெயர் ஒற்றைக் கை சர்ஃபராஸ்.

துணையாளாக யார் வருவது என்று இன்று காலை கேட்டபோது, மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு பிரேம்நாத்தான் கையைத் தூக்கினான். "எதுக்கு வீண் பேச்சு? நானே கெட்டிக்கிறேன்."

அப்போதே அவள் கண்ணாடியைத் தேடி எடுத்தாள்.

ஆறு குண்டுவரை எதுவும் நடக்கவில்லை. அழுத்தினான், "கெட்டிச்சாச்சு!" என்று கத்தினான், ஒரு கை தூரத்தில் நின்றான். பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த மைதான அதிகாரி ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். 'ஊ நல்லப்பன்' என்று பர்மிய மரியாதையோடு எல்லோரும் அழைக்கும் அவருக்கு இடது கையில் மூன்றே விரல்கள். மீதி இரண்டை எடுத்துக்கொண்ட குழல், வாழைப்பூ மடல்போலப் பிளந்தபடி கிளப் சுவரில் இன்னும் தொங்குகிறது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்று புது ஆட்களுக்குக் காட்டுவதற்காக.

ஏழாவது குண்டு.

மருந்தைக் கொட்டினாள். குண்டை வைத்தாள். பிரேம்நாத் கோலைப் பிடித்து அழுத்தினான். இந்த முறை அவன் முதுகு நல்லப்பனை மறைத்தது.

"கெட்டிச்சாச்சு!"

மஞ்சுளா கண்ணாடியைப் பார்த்தாள். குண்டு அடியில் உட்கார்ந்தால் கோலில் வெட்டிய கோடு குழல் வாயோடு சமமாக நிற்க வேண்டும். கோடு இரண்டு விரல்கடை மேலே நின்றது.

கோலை உருவிக்கொண்டே அவன் குனிந்து மெதுவாகப் பேசினான். "பாத்துட்டேல்ல? பாக்கணும்னுதான் குண்டை மேலேயே விட்டேன். கையைத் தூக்கு. 'நிறுத்து'ன்னு சொல்லு. கிளம்பி வீட்டுக்குப் போ."

"நீ செஞ்சேன்னு சொல்லுவேன்."

"சொல்லேன். நான் அழுத்தினேன், உன் தாங்கி வழுக்கிடுச்சு. எவன் நம்புவான் உன்னை? நாற்காலியில இருந்துட்டு என்னை ஜெயிக்கணுமா உனக்கு?"

"பதினாலு நிமிஷம் இருக்கு!" என்றார் நல்லப்பன் பின்னாலிருந்து.

'நிறுத்து' என்றால் விதி போச்சு. சுட்டால் குழல் பிளந்தாலும் பிளக்கும். மஞ்சுளா தாங்கியின் பூட்டைத் தட்டினாள். குழல் இறங்கிக் குறியை நோக்கிப் படுத்தது. கேப்புப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். இடது உள்ளங்கையால் துப்பாக்கியின் பின்பக்கத்தை மூடி ஒரு அழுத்து அழுத்தினாள். குதிரையை முழுக்கப் பின்னுக்கு இழுத்தாள். டிக்.

பிரேம்நாத்தின் முகம் மாறியது. "ஏய். என்ன பண்றே?"

"சுடப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? குழல் வெடிக்கும்."

"வெடிக்கட்டும். நீ எங்கே நிக்கணும்னு எழுதினே? ஒரு கை தூரம். என் கன்னம் பின்னாடி இருக்கு, கோ பிரேம். குழலுக்குப் பக்கத்துல இருக்கிறது உன் விலா."

"மிரட்டுறியா? நீ சுட மாட்டே."

"பஸ் என் மேல ஏறினப்பவே பாதி போயிட்டவ நான். மீதிக்கு என்ன கணக்கு?" அவள் கண்ணைக் குறிக்காட்டியில் வைத்தாள். வலது ஆள்காட்டி விரல் விசையைத் தேடி வளைந்தது. "ஒண்ணு."

அவன் பார்வை அவள் விரலுக்குப் போனது.

"ரெண்டு."

பிரேம்நாத் கோலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்னால் பாய்ந்தான். லொங்ஜிக் கைலி காலில் சிக்கி மல்லாந்து விழுந்தான்.

"சுடாதே! நிறுத்து! குண்டு இறங்கலை! சுடாதே!"

மைதானம் முழுக்கக் கேட்டது.

நல்லப்பன் எழுந்து வந்தார். விழுந்தவனுக்குக் கை கொடுக்கவில்லை. "கெட்டிச்சாச்சுன்னு கத்தினது யாரு?"

"நான்... தாங்கி வழுக்கி..."

"இறங்கலேன்னு தெரிஞ்சே கத்தினியா? இல்லே, இப்போ படுத்துக்கிட்டே எட்டிப் பாத்தியா?"

பின்வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மஞ்சுளா இடது கையைத் திருப்பி விரித்தாள். கேப்பு உள்ளங்கையிலேயே இருந்தது. துப்பாக்கியில் மாட்டவே இல்லை. குதிரையைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

நல்லப்பன் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு தன் மூன்று விரலால் பிரேம்நாத்தின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "வெளியே போடா. இந்த நிமிஷமே உன் பேரை அடிக்கிறேன்."

"வேண்டாம்!" என்றாள் மஞ்சுளா.

"என்னம்மா, இவனுக்கா பரிஞ்சு பேசுறே?"

"பரிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. துணையாளைப் பாதியில மாத்தக் கூடாதுன்னு இவன்தான் எழுதியிருக்கான். இவன் போனா என் போட்டியும் போச்சு. அதுக்குத்தானே இவ்வளவும்? 'நிறுத்து'ன்னு கத்தினது இவன் வாய், என் வாய் இல்லை. கடிகாரம் ஓடுதா?"

நல்லப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஓடுது. பதினொண்ணு இருக்கு."

"அப்போ இவன் கெட்டிக்கட்டும். பத்து முடிஞ்சப்புறம் உங்க இஷ்டம்."

அவர் காலரை விட்டார். இந்த முறை பின்னால் போய் உட்காரவில்லை. குழல் வாய்க்கு எதிரே படாமல் பக்கவாட்டில் வந்து நின்றார்.

மஞ்சுளா தாங்கியை மறுபடி மேலே சாய்த்தாள். "கோலை எடு."

பிரேம்நாத் அசையவில்லை. அவன் கண்ணில் இருந்ததைப் பார்த்தால் கோலால் அவளையே குத்திவிடுவான் போலிருந்தது.

"எடுன்னு சொன்னேன். புல்லைத் துடைச்சுட்டு எடு."

எடுத்தான். அழுத்தினான். குண்டு அடியில் போய் உட்கார்ந்த 'தொக்' சத்தம் அவள் கைவரை வந்தது.

"கோடு?"

"ம்."

"சத்தமா."

"கோடு சரி!" பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான்.

ஏழு வெடித்தது. வெள்ளைப் புகை அவன் முகத்தில் அடித்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒவ்வொரு தரமும் அவன் கத்த வேண்டியிருந்தது, ஒவ்வொரு தரமும் நல்லப்பன் குனிந்து கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பத்தாவது குண்டு கிளம்பியபோது ஐம்பது விநாடி மிச்சமிருந்தது. மொத்தம் எண்பத்திரண்டு புள்ளி. காலையில் பிரேம்நாத் எடுத்தது தொண்ணூற்றொன்று. அதை யாரும் கேட்கவில்லை. நல்லப்பன் விதிப் புத்தகத்தைத் தொடைமேல் வைத்து, புது விதிக்கு நேரே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்து எதை எழுதப் போகிறார் என்பது பிரேம்நாத்துக்குத் தெரியும்.

அவன் குனிந்தான். குரல் கரகரத்தது. "கேப்பு மாட்டியிருந்தா நிஜமாவே சுட்டிருப்பியா?"

மஞ்சுளா ஈரத்துணியை அவன் பக்கம் நீட்டினாள்.

"குழல் சூடா இருக்கு. ஆறுறதுக்குள்ள துடை."