நாற்பதாவது புகை

மலையில் எங்கள் ஊரில் பிள்ளைகள் பெருகிய அளவுக்கு நிலம் பெருகவில்லை. அப்பாவின் வாற்கோதுமை வயலை மகன்கள் எல்லோரும் பிரித்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு கழுதை புரளும் இடம்தான் கிடைக்கும். கீழே ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் அதை ஆளும் கான் புது வாய்க்கால் வெட்டுகிறார், தரிசைத் திருத்துபவனுக்கே நிலம் என்று கேள்விப்பட்டதும், பல குடும்பங்கள் சேர்ந்து இறங்கி வந்துவிட்டோம். கணவனை இழந்த என் தங்கை மாபேகிமும் என்னோடு வந்தாள்.

மண் சுவர் எழுப்பிக் கூரை போட்டு முடித்தோம். அப்போதுதான் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் மீராப் வந்து சொன்னார்: "நாப்பது அடுப்பு புகையணும். அப்பதான் இது ஊரு, தனி மடை தருவேன். இல்லேன்னா பக்கத்து ஊர்ல மிஞ்சுற தண்ணிதான் உங்களுக்கு. பனி உருகினதும் வந்து பாப்பேன்."

எண்ணிப் பார்த்ததில் ஒரு புகை குறைந்தது. எங்களோடு வந்த ஹோல்மத்தின் மனைவி மருமகளோடு ஓயாமல் சண்டை பிடிப்பவள். அவளிடம், "தனிக்குடித்தனம் போயேன்" என்று கெஞ்சினோம்.

"அவளத் திட்டாம எனக்கு ரொட்டி எறங்காதே!" என்று மறுத்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலம் ஊர் ஓரத்தில் தோக்தோபாய் என்ற கிர்கிஸ் இடையன் கம்பளிக் கூடாரம் அடித்திருந்தான். வசந்தம் வந்தால் ஆடுகளோடு மலையேறிவிடுவான். மாபேகிம் அவனிடம் ரொட்டி கொடுத்துத் தயிர்க்கட்டி வாங்கி வருவாள். அதற்கு ஏன் அவ்வளவு நேரம் என்று நான் கேட்டதில்லை.

மீராப் வரும் நாள் காலையில் அவள் அவனிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏய்யா, உன் கூடாரத்த எங்க தெருவுல கொண்டாந்து கட்டு."

"மண்ணு வீட்டுக்கு நடுவுலயா? என் ஆடுங்க சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். எங்களுக்குப் புகை வேணும்."

முணுமுணுத்துக்கொண்டே வந்து கட்டினான். மீராப் குதிரையில் தெருத்தெருவாகப் போய் எண்ணிவிட்டுக் கூடாரத்தருகே நின்றார்.

"இது வீடா? நாளைக்கே மலையில நிக்கும். கணக்குல வராது."

மாபேகிம் மாவு ஒட்டிய கையோடு முன்னே வந்தாள்.

"எங்கயும் போகாதுங்க."

"அத நீ எப்படிம்மா சொல்ற?"

"இவரை நான் கட்டிக்கப் போறேன். போகணும்னா நான் விடணும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோக்தோபாய் என்னைவிட அதிகம் ஆடிப்போனான்.

"என்னய்யா, நெசமா?" என்றார் மீராப்.

அவன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"கேக்கலாம் கேக்கலாம்னு தைரியமில்லாம ரொட்டியா வாங்கிட்டிருந்தேன். கூடாரத்துல வைக்க எடமில்லீங்க. நாய்கூட திங்க மாட்டேங்குது."

மீராப் சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. "நாப்பது! மடைய வெட்டுங்கப்பா!" என்றார்.

தண்ணீர் வந்த மறுவாரமே கல்யாணம். கூரைக்குக் கீழே மூச்சு முட்டுகிறது என்றான் அவன். கம்பளி நாறுகிறது என்றாள் அவள். கடைசியில் ஒரே முற்றத்தில் வீடும் கூடாரமும் நின்றன. கோடையில் ஆடுகளோடு மலைக்குப் போவான், அறுப்புக்குத் திரும்பிவிடுவான்.

அடுத்த சில வருஷங்களில் எங்கள் சித்தப்பா பிள்ளைகளும் பானை சட்டி, தொட்டிலோடு மலையிலிருந்து இறங்கினார்கள். முதலில் சத்தம் போட்டது தோக்தோபாய்தான்.

"ஏ மச்சான், இருக்கிற கூட்டமே தாங்கல. இன்னும் எத்தன பேருய்யா வருவீங்க?"

கத்திக்கொண்டே தன் ஆட்டுப்பட்டியின் வேலியைப் பிடுங்கினான். அவர்கள் வீடு கட்ட அந்த இடத்தைத்தான் கொடுத்தான்.