யூஜினியாவின் தயிர்ச்சட்டி

பாலைக் காய்ச்சி இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் கலந்து மண்சட்டியை மூடினாள் யூஜினியா. மானகிரியில் அந்த வீட்டுத் தயிருக்கு இப்போது தனிப்பெயர். ஆனால் பெயர் வாங்குவதற்காக ஆரம்பித்ததல்ல அது.

காய்ச்சலுக்குத் தின்ற மாத்திரைகளில் அவளுடைய வயிறு கெட்டுப்போயிருந்தது. எதைச் சாப்பிட்டாலும் உப்புசம், கழிச்சல். காரைக்குடி டாக்டரம்மா மருந்தோடு, வீட்டில் உறையூற்றிய புளிக்காத தயிரைத் தினமும் ஒரு கிண்ணம் சாப்பிடச் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூட வாத்தியாரான கணவர் சகாய ஆண்டனி முதல் நாளே ருசி பார்த்துவிட்டார்.

"யூஜினி, கத்தி வச்சு வெட்டலாம் போலருக்கே!"

மறுநாளே டிபன் கேரியரில் ஓர் அடுக்குத் தயிர் ஆசிரியர் அறைக்குப் போனது. மிச்சத்தை அவருடைய இரவுச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாட்டுக்குழு சாப்பிட வந்தது. "வெக்கப்படாம ஊத்திக்கங்கப்பா, வயித்துக்கு நல்லது" என்று ஆண்டனியே கரண்டியைப் பிடித்தார். எல்லாரும் எழுந்த பிறகு சாப்பிட உட்காருவது யூஜினியா தன் அம்மாவிடம் கண்ட பழக்கம். அவள் உட்காரும்போது சட்டி காலியாக இருக்கும்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா எடையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "தயிர் சாப்பிடுறீங்களா?"

"தினமும் வீட்டுலதான் உறை ஊத்துறோம் டாக்டர்" என்றார் ஆண்டனி.

"நான் அவங்களைக் கேட்டேன் சார்."

"சாப்பிடுறேன்" என்றாள் யூஜினியா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இப்படியே எடை இறங்கினா மதுரைக்குப் போய், குடலுக்குள்ள குழாய் விட்டுப் பார்க்க வேண்டி வரும்."

விஷயம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஜெரினாவுக்கு எட்டியது. தினமும் 'தயிர் சாப்டீங்களாம்மா?' என்று அவள் போனில் குரல்பதிவு அனுப்புவாள். அம்மாவிடமிருந்து பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். இந்த ஞாயிறு மதியம் அவள் வீடியோவிலேயே வந்துவிட்டாள். பாட்டுக்குழு அப்போதுதான் கிளம்பியிருந்தது.

"எனக்கு இங்க வேலையே ஓட மாட்டேங்குதும்மா. தட்டைக் காமிங்க."

"சாப்புட்டுட்டுத்தான்டி இருக்கேன்..."

"காமிங்கம்மா!"

தட்டில் சோறு வெளிறிய தண்ணீரில் மிதந்தது.

"என்னம்மா இது?"

"சட்டியக் கழுவி ஊத்துனேன். அதுலயும் தயிரு ஒட்டியிருக்கும்ல."

ஜெரினாவின் குரல் உடைந்தது. "அப்பா! அம்மாவுக்குன்னு சொன்ன தயிரு இத்தனை நாளா யாரு வயித்துக்குப் போச்சு?"

ஏப்பம் விட்டபடி கை கழுவிக்கொண்டிருந்த ஆண்டனி அப்படியே நின்றார். தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டே இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா யூஜினி?"

"ஆசையா சாப்பிடுறீக. நல்லாருக்குன்னு நாலு பேருகிட்டச் சொல்றீக. எப்புடிங்க சொல்ல?"

அன்று சாயங்காலம் பாலை அவரே காய்ச்சினார். பொறுமையில்லாமல், கொதிக்கக் கொதிக்க உறைமோரை ஊற்றினார். பால் திரிந்து மிதந்தது. யூஜினியா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஆற வேணாமா சார்? இந்தப் பரீட்சையில நீங்க பெயிலு!"

"மறுதேர்வு எழுதுறேன், தள்ளு."

மறுதேர்வில் தயிர் உறைந்தது. முதல் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார். அவள் எழப் பார்த்தாள். பக்கத்திலேயே தன் தட்டையும் போட்டு உட்கார்ந்தார். கேரியரில் தயிர் அடுக்கு காணாமல் போனது. "சார், தயிரு எங்க?" என்று ஆசிரியர் அறையில் கேட்ட சிவபிரகாஷ் சாரிடம், "பால் வாங்கி உங்க வீட்டுல உறை ஊத்துங்க, நான் சொல்லித் தாரேன்" என்றார்.

அடுத்த சோதனையில் யூஜினியாவின் எடை இறங்கவில்லை; கொஞ்சம் ஏறியிருந்தது. மதுரைப் பேச்சை டாக்டரம்மா எடுக்கவே இல்லை.

அந்த ஞாயிறு பாட்டுக்குழு சாப்பிட உட்கார்ந்தபோது அவர்களோடு யூஜினியாவும் இருந்தாள். எல்லாரும் ஆச்சரியமாகப் பார்க்க, ஆண்டனி தொண்டையைச் செருமினார்.

"மருந்து இவளுக்குச் சொன்னது, தின்னது நாம. வீட்டுப் பொம்பளை கடைசியா சாப்பிடுறத நல்ல கொணம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது கொணமில்லப்பா, நம்ம கண்ணுல படாம அவ ஒடம்பு கெடுற வழி. உங்க வீட்டுலயும் இன்னையிலருந்து சேந்து உக்காருங்க."

கெட்டித் தயிர் நிறைந்த கிண்ணத்தைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினாள் யூஜினியா. சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஒரு கட்டைவிரல் திரும்பி வந்தது.