ஒரு ஃப்ளாஸ்க் டீயும் நூற்று எழுபத்தொரு நாளும்

என் அக்காவின் பேச்சை நான் போன மாதம்வரை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருக்க வேண்டும். முழுதாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மைக்கைச் சரிபார்ப்பேன், திரையில் படம் விழுகிறதா என்று பார்ப்பேன். "வணக்கம், நான் ஒரு பயந்தாங்கொள்ளி" என்று அவள் ஆரம்பித்ததும் வெளியே போய் டீ குடிப்பேன். அந்த முதல் வரிக்குக் கைதட்டல் எவ்வளவு நேரம் நீளும் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

அக்கா பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றி வந்தவள். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், யாருடைய உதவியும் இல்லாமல், நூற்று எழுபத்தொரு நாள், ஆறு மணி நேரம். ஒன்பது வருடமாக அந்தச் சாதனையை எந்தப் பெண்ணாலும் அசைக்க முடியவில்லை. அதைச் சொல்லித்தான் கம்பெனிகளும் கல்லூரிகளும் அவளைப் பேசக் கூப்பிட்டன. தேதி குறிப்பது, கார் ஓட்டுவது, அவள் மறந்து வைக்கும் மூக்குக் கண்ணாடியைத் தேடுவது எல்லாம் தங்கச்சியான என் வேலை. பேச்சு முடிந்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "படகுல பாத்ரூமுக்கு என்ன பண்ணுவீங்க?"

ஒருமுறை லிஃப்ட் கம்பெனி ஒன்றில் மட்டும் வேறு கேள்வி வந்தது. கையில் கிரீஸ் கறையோடு ஒரு மெக்கானிக் பெண் எழுந்து, "காத்து அடிக்கும்போது நீங்க முன்னாடி போய்ப் பாயை இறக்குறீங்க. அந்த நேரம் சுக்கானை யாரு பிடிச்சுக்குவா?" என்று கேட்டாள். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று அந்தப் பெண்ணோடு இரண்டு மணி நேரம் பேசினாள். அடுத்த நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தன் படகிலேயே ஏற்றிக் கற்றுக்கொடுத்தாள். லிஃப்ட்காரி என்று நாங்கள் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டோம்.

அந்த லிஃப்ட்காரிதான் நூற்று எழுபத்தொரு நாளைக்கு முன் தன் சொந்தப் படகில் கிளம்பினாள். எதற்கு? என் அக்காவின் சாதனையை முறியடிக்க. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான் என்று நான் அக்காவிடம் சொல்லாத நாள் கிடையாது.

அவள் வந்து சேர வேண்டிய நாளில் துறைமுகம் திருவிழா போல இருந்தது. கலங்கரை விளக்கத்துக்கும் எதிரே இருந்த சிவப்பு மிதவைக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். மதியம் மூன்று நாற்பதுக்குள் அவள் அதைத் தாண்டினால் சாதனை அவளுடையது. ஒரு நிமிடம் பிந்தினாலும் அக்காவுடையது. அலைதடுப்புச் சுவரின் மேல் நடுவர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா. கூட்டத்துக்கு விளக்கிச் சொல்ல அவளைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று அவள் கையிலேயே மைக்கைக் கொடுத்திருந்தார்கள்.

"நீ லிஃப்ட்காரியோட அப்பாகூட வரவேற்புப் படகுல போ" என்றாள் அக்கா என்னிடம்.

"நான் எதுக்கு? வேடிக்கை பாக்கவா?"

"நம்ம அப்பா அன்னிக்கு என்ன பண்ணினார்னு மறந்துட்டியா?"

எப்படி மறப்பேன்? ஒன்பது வருடத்துக்கு முன், அக்கா இதே கோட்டை நெருங்கும்போது, அவள் நனைந்திருக்கிறாளே என்று எங்கள் அப்பா ஒரு துண்டை நீட்டப் போனார். கோட்டைத் தாண்டும்வரை வெளியிலிருந்து ஒரு குண்டூசிகூடப் படகில் ஏறக் கூடாது. ஏறினால் அத்தனை நாளும் வீண். கத்தினேன், அவர் காதில் விழவில்லை. கையைக் கடித்துவிட்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

இரண்டரை மணிக்கு லிஃப்ட்காரியின் வெள்ளைப் பாய் தெரிந்தது. வரவேற்புப் படகில் நான் என்னை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். படகோட்டி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது: "அதோ பாருங்க! சாய்ஞ்சு வருது பாருங்க, என்னா அழகு!" கரையில் விசில் பறந்தது.

கோட்டுக்கு முந்நூறு அடி இருக்கும்போது காற்று செத்துப்போனது.

பாய் துணிக்கடைத் திரை மாதிரி தொங்கியது. மணி மூன்று பதினைந்து. மூன்று இருபது. படகு இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பியது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எதற்காக அடித்துக்கொள்கிறது என்று என்னிடம் கேட்டால் உண்மையைச் சொல்கிறேன்: இன்னும் இருபது நிமிடம் இப்படியே போகட்டும் என்று நினைத்தேன். சாதனை போனால் அக்காவை யார் கூப்பிடுவார்கள்? அந்த மேடையும் மூக்குக் கண்ணாடியும் காரும்தான் என் வாழ்க்கை.

எங்கள் படகும் நீரோட்டத்தில் இழுபட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முகம் தெரிந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாக இருந்தாள்.

"அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அந்த மனிதர் பைக்குள் கைவிட்டு ஒரு ஃப்ளாஸ்க்கை எடுத்தார். படகை இழுக்கும் கொக்கிக் கம்பின் நுனியில் அதை மாட்டி நீட்டினார். "டீம்மா. சூடா இருக்கு. ஒரு வாய் குடிச்சுக்கோ." விதிமுறைத் தாளை அவரும் படித்திருந்தார். கயிறு கொடுக்கக் கூடாது, தள்ளிவிடக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெற்ற பிள்ளைக்கு டீ கொடுப்பதும் உதவிக் கணக்கில் வரும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

நூற்று எழுபத்தொரு நாள் சரியாகத் தூங்காத பெண் அவள். அவளும் கையை நீட்டிவிட்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அக்காவின் சாதனை பத்திரமாக இருக்கும், என்னை ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்போதுதான் ஒலிபெருக்கி மௌனமாக இருப்பதைக் கவனித்தேன். இரண்டு மணி நேரமாக ஓயாமல் பேசிய குரல் நின்றுபோயிருந்தது. ஃப்ளாஸ்க் அவள் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பாய்ந்து கம்பை ஓங்கித் தட்டினேன். ஃப்ளாஸ்க் 'தொபுக்'கென்று கடலில் விழுந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்று அவர் என் மேல் பாய்ந்தார். "புள்ளைக்கு டீ குடுத்தா உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"ஐயா, அத அவ தொட்டிருந்தா எல்லாம் போச்சு! எல்லாம்!" என்று கத்தினேன். பிறகு அவளைப் பார்த்து, "கைய உள்ள எடு! எதையும் தொடாத! பாயப் பா..." என்றேன். பாயைப் பார் என்று சொல்வதும் உதவியாகிவிடுமோ என்று பயந்து பாதியில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவளுக்குத் தூக்கம் கலைந்தது போல இருந்தது. நீட்டிய கையைத் தானே பார்த்தாள். சட்டென்று இழுத்துக்கொண்டு தெற்கே திரும்பினாள். அங்கே தண்ணீர் கருத்துச் சுருங்கி வந்தது. காற்று! கயிற்றை இழுத்தாள், சுக்கானை முழங்காலால் அழுத்தினாள். பாய் படபடத்து, விம்மி, நிமிர்ந்தது. நான் நகத்தைக் கடித்தேன். நகம் தீர்ந்ததும் துப்பட்டாவைக் கடித்தேன். அவள் அப்பா என்மேல் இருந்த கோபத்தை மறந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

மூன்று முப்பத்தாறுக்கு நடுவரின் சங்கு ஊதியது.

நானும் அவரும் குதித்த குதியில் படகு கவிழப் பார்த்தது. "நாலு நிமிஷம்! என் சாதனைய நாலு நிமிஷத்துல அடிச்சுட்டா!" என்று ஒலிபெருக்கி அலறியது. அக்காவின் குரல் உடைந்திருந்தது. கூட்டம் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் சாமான் அறையில் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஃப்ளாஸ்க்க நான் பார்த்தேன்" என்றாள்.

"பார்த்தியா? அப்புறம் ஏன் கத்தல? கையில மைக் இருந்துச்சே, வாயில பூட்டா போட்டிருந்துச்சு?"

"வாயத் திறந்தேன்டி. சத்தம் வரல." தலையைக் குனிந்துகொண்டாள். "வரலன்னு சொல்றது பொய். வர வேணாம்னு விட்டுட்டேன். பத்து நொடி இருக்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அந்தப் பத்து நொடியில்தானே இருந்தேன். வயரைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதோம்.

மறுவாரம் ஒரு பேச்சு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தோம். ரத்து செய்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். நோட்டீஸில் என்ன போடுவது என்று மட்டும் கேட்டார்கள். "முன்னாள் சாதனையாளர்னு போடுங்க" என்றேன்.

நானூறு பேர் இருந்தார்கள். மைக்கைச் சரிபார்த்தேன், படம் விழுகிறதா என்று பார்த்தேன், வழக்கம்போல டீ குடிக்கக் கதவைத் திறந்தேன்.

"வணக்கம்" என்றாள் அக்கா. "போன வாரம் பத்து நொடி நான் வாயத் திறக்கல. அதப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்."

யாரும் கைதட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முந்நூற்றுப் பதிமூன்றாவது பேச்சை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை கேட்டேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை, என்னையும் விடவில்லை. முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. முதல் கேள்விக்குக் கை தூக்கியவர் பாத்ரூமைப் பற்றிக் கேட்கவில்லை.

"மேடம், நீங்க மறுபடியும் கடலுக்குப் போவீங்களா?"

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, வலிக்கும் முழங்கால். அத்தனை தலைகளுக்கு மேலாக என்னைத் தேடினாள்.

நான் எழுந்து, மைக் இல்லாமலே கத்தினேன்:

"போவா! பழைய நேரத்துல அஞ்சு நிமிஷம் குறைச்சா போதும்!"