துண்டு போட்ட சீட்

சென்றாயனுக்கு அன்று ஒரே கவலைதான். கெம்பம்மாவின் வயிற்றுப் பிள்ளை கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை தங்க வேண்டும். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் மாதம் நிறையாமலே போய்விட்டன. இது ஏழாம் மாதம். முந்தின நாள் லேசாக உதிரம் கண்டதும், ஊருக்கு அம்மை குத்த வந்திருந்த நர்ஸ் சாந்தம்மா பயந்துவிட்டாள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருக்கிறார், உடனே கூட்டிக்கொண்டு போ என்றாள். பஸ்ஸில் முன்பக்கமாக உட்கார வை, பின்னால் மட்டும் வேண்டாம், குலுங்கினால் பிள்ளை நிற்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நல்ல யோசனைதான். பாவம், அவள் வெளியூர்க்காரி. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பஸ்ஸில் யார் எங்கே உட்காருவது என்று எந்தப் பலகையிலும் எழுதிப் போட்டிருக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். முன்னால் மெத்தை வைத்த சீட்டுகள் நிலம் வைத்திருப்பவர்களுக்கு. நடுவில் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள். பின்சக்கரத்துக்கும் பின்னால் வெறும் மரமாகக் கிடக்கிற நீளப் பலகை சேரிக்காரர்களுக்கு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அது இன்னும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

அன்றைக்கு முன்வரிசையில் ஜன்னலோரம் ஒரு சீட் காலியாக இருந்தது. காலி என்று சொல்லக் கூடாது, அதன்மேல் சிவப்புக் கரை போட்ட துண்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. பண்ணைக்காரர் எல்லப்பனின் துண்டு. அவருக்குக் கிருஷ்ணகிரி கோர்ட்டில் வழக்கு இருக்கிற நாளில் அவர் வீட்டாள் ஓசூரிலேயே துண்டைப் போட்டுவிட்டுப் போவான். அவர் சூளகிரியில், தன் மாந்தோப்புப் பக்கம் ஏறிக்கொள்வார். அதுவரை துண்டு மெத்தையில் சொகுசாகப் பயணம் செய்யும். சென்றாயனின் குடிசை நின்றது எல்லப்பனின் நிலத்தில்தான்.

கண்டக்டர் தீர்த்தகிரியிடம் சென்றாயன் கையெடுத்துக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னான். தீர்த்தகிரி துண்டைக் காட்டினான், பிறகு பின்பலகையைக் காட்டினான். அவ்வளவுதான் பதில்.

பஸ் கிளம்பியது. முன்னால் இருப்பவர்களுக்குப் பள்ளம் வந்தால் தூளி ஆடுவது போல இருக்கும். பின்பலகை அப்படியல்ல, முதலில் ஆளைத் தூக்கிப் போடும், பிறகு மேலே வந்து அறையும். கெம்பம்மா வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். சென்றாயன் தன் மாற்று வேட்டியை மடித்து அவளுக்கு அடியில் வைத்துப் பார்த்தான். அது ஒரு பள்ளத்துக்குக்கூடத் தாங்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு அவளைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டான். நடுசீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். புதுமாப்பிள்ளைக்கு அவசரம் என்றான் ஒருவன். அவள் கூசிப்போய் மறுபடி பலகைக்கே இறங்கிக்கொண்டாள்.

சூளகிரியில் எல்லப்பன் வரவில்லை. சைக்கிளில் வந்த அவருடைய ஆள் ஐயாவுக்குக் காய்ச்சல் என்றும், துண்டைத் திரும்பி வரும்போது கொடுத்தால் போதும் என்றும் வெளியிலிருந்தே சொல்லிவிட்டுப் போனான். சென்றாயன் இறங்கி நின்று அதைக் காதால் கேட்டான். கெம்பம்மாவுக்குக் கேட்கவில்லை.

அவன் தீர்த்தகிரியின் அருகே போனான்.

"துண்ட நான் எடுக்க மாட்டேன்டா," என்றான் தீர்த்தகிரி. "நீ வேணும்னா எடுத்துட்டு ஒம் பொண்டாட்டிய உக்கார வச்சிக்க. அவரு கேட்டா ஒம் பேர்தான் சொல்லுவேன்."

பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. எடுப்பானா மாட்டானா என்று இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். சென்றாயன் சீட்வரைக்கும் போனான். கை நீளவில்லை. ஒரு முழத் துணி, அதைத் தள்ளி வைக்க அந்த மனிதனால் ஆகவில்லை. குடிசை கண்ணில் நின்றது, பிடுங்கி எறியப்பட்ட கூரை கண்ணில் நின்றது. இதைச் சொல்கிற எனக்கு அவன்மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் என் தலைக்குமேல் இருக்கும் கூரை என்னுடையது.

திரும்பி வந்தவனை அவள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"குந்தாரப்பள்ளியில ஏறுவாராம்," என்றான்.

அவள் தலையாட்டினாள். குந்தாரப்பள்ளியில் சந்தை நாள். கூட்டம் முண்டியடித்து ஏறியது, நிற்கக்கூட இடமில்லை. அப்போதும் அந்த சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் கெம்பம்மாவின் சேலை நனைந்தது.

கிருஷ்ணகிரியில் கூட்டம் இறங்கியதும் தீர்த்தகிரி பலகையைப் பார்த்து முகம் சுளித்தான். கழுவிவிட்டுப் போ என்று சென்றாயனிடம் வாளியை நீட்டினான். அவள் சக்கரத்தோரம் மண்ணில் சாய்ந்து கிடக்க, அவன் பலகையைக் கழுவினான். கழுவிய பிறகுதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஆண் பிள்ளை. அழவே இல்லை.

சாயங்காலம் கெம்பம்மா கண் திறந்தாள். பிள்ளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"குந்தாரப்பள்ளியில அவரு ஏறினாரா?"

"ஏறினாரு," என்றான் சென்றாயன். "கூட்டத்துல ஒனக்குத் தெரிஞ்சிருக்காது."

"நான் அந்த சீட்டயேதான் பாத்துக்கிட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.