தைவதத்தில் நின்ற பாட்டு

பெருமாள்ராஜ் கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கிச் சுருதியை இன்னும் கொஞ்சம் இறக்கினான். "இப்பம் பாடு மது. இது உனக்குச் சரியா இருக்கும்." போன தடவையும் இதையேதான் சொல்லியிருந்தான். அவன் மனைவி மதுமதி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். கழுத்தில் கட்டி எடுத்த தழும்பு ஆறிவிட்டது, குரல்தான் ஆறவில்லை. மேலே போனால் உடைந்தது. இறக்கிக் கொடுத்தாலோ கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாய்ப் போயின. நடுவில் கொஞ்சம்போலத்தான் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பாட வேண்டிய முதல் கச்சேரி. காஜா முகைதீன் நடத்தும் அந்த மெல்லிசைக் குழுவில், எந்த ஊர்க் கச்சேரியானாலும் முதல் பாட்டு மதுமதியுடையது. கல்யாணமான புதிதில் பெருமாள்ராஜ் அவளுக்காகவே போட்ட மெட்டு அது. சங்கராபரணம். இங்கிலீஷ்காரன் மேஜர் ஸ்கேல் என்பான். ஒவ்வொரு வரியும் படிப்படியாக ஏறி, கடைசி வரி மேல் ஷட்ஜத்தில், உச்சி 'ஸ'வில், போய் நிற்கும். அவள் அங்கே நிற்கும்போது பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட சாம்பாரை மறந்து தலையை நிமிர்த்துவார்கள். அதில் அவளைவிட அவனுக்குத்தான் பெருமை அதிகம்.

அவன் வாசிப்பில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. வெள்ளைக் கட்டைகளை விட்டு முடிந்தவரை நகர மாட்டான். யாருக்கு என்ன சுருதி வேண்டுமானாலும் பொத்தானை அமுக்கி ஏற்றி இறக்கிக்கொள்வான், விரல் இடம் மாறாது. அதனால் அவனுக்கு ஷட்ஜம் என்றால் எப்போதும் அந்த ஒரே கட்டைதான். அதிலிருந்து வரிசையாக வெள்ளைக் கட்டைகளில் ஏறினால் சங்கராபரணம், சந்தோஷம், முடிந்தது சோலி. அதே ஸ்வரங்களில் வேறொன்றை ஷட்ஜமாக வைத்தால் வேறு ராகம் பிறக்கும், அதற்குக் கிரகபேதம் என்று பெயர் என்பதெல்லாம் அவனும் கேள்விப்பட்டதுதான். சோறு போடாத கணக்கு என்று விட்டுவிட்டான்.

கடைசி வரி வந்தது. மதுமதி ஏறவில்லை. பாதியில் திரும்பிப் பைய இறங்கி, ஷட்ஜத்துக்கு இரண்டு படி கீழே தைவதத்தில் போய் நின்றாள். அங்கே குரல் உடையவில்லை. அவன் இடது கை மட்டும் வழக்கம்போல ஷட்ஜத்தை அமுக்கிக்கொண்டிருந்தது.

"சுருதி சேரல மது."

"எனக்குச் சேருது."

"அதெப்படிச் சேரும்? வீட்டுக்கு வராம நடுத்தெருவுல நிக்கே."

"என்னால இம்புட்டுத்தான் வர முடியுது. நீங்க வேணும்னா இங்கன வாங்க."

கோபத்தில்தான் அவன் இடது விரலைத் தூக்கித் தைவதத்தில் வைத்தான். அவள் மறுபடி முதலிலிருந்து பாடினாள். கடைசி இறக்கத்தைத் தவிர எல்லாம் அவன் போட்ட அதே மெட்டு. ஒரு கறுப்புக் கட்டையைக்கூட அவன் தொடவில்லை. ஆனால் பாட்டு வேறாகிவிட்டது. வழக்கமாகத் துள்ளி ஏறுகிற மத்தியமம், எதையோ கேட்டுக் கிடைக்காமல் திரும்பி வந்தது. பதறிப்போய் விரலை ஷட்ஜத்துக்கு மாற்றினான், சங்கராபரணம். திரும்பத் தைவதம், அழுகிற நடபைரவி ராகம். இத்தனை வருஷமாக அந்த ஏழு ஸ்வரங்களுக்குள் சந்தோஷம் இருக்கிறது என்று நம்பியிருந்தானே! எதை ஊர் என்று நினைத்துத் திரும்பி வருகிறோமோ, அதை வைத்துத்தான் மற்ற ஆறும் சிரிக்கவோ அழவோ செய்கின்றன என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏட்டி, நீ தப்பா பாடல! நான்தான் வேற இடத்துல இருந்துட்டேன். வெள்ளிக்கிழமை இப்படியே பாடிரு, நான் பிடிச்சுக்கிடுதேன்." அவளை மீட்டுக்கொண்டு வந்துவிட்டதாகவே நினைத்தான். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மதுமதி கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை மேடையில நிக்கையில முதல் பாட்டே அழுதா, பெத்தவங்க சும்மா விடுவாவளா?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதுல்லா." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "மேல ஏறாதுன்னு தெரிஞ்சு காஜா பாய்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். கோரஸ் பாடுத ப்ரீதாவே முதல் பாட்டையும் பாடட்டும். போன்ல நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

அந்த மேல் ஷட்ஜத்தை இந்தக் குரலில் எப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்கப் போனவன், கீபோர்டை அணைத்தான்.

வெள்ளிக்கிழமை ப்ரீதா நன்றாகவே பாடினாள். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. மதுமதி மேடைக்குக் கீழே, ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ப்ரீதாவோடு சேர்ந்து அவள் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன. கடைசி வரியில் ப்ரீதா ஏற ஏற அவை அசைவது நின்றது. மேல் ஷட்ஜம் சுத்தமாக விழுந்தது. மண்டபம் கைதட்டியது. மணப்பெண் சிரித்தாள்.

காஜா முகைதீன் அடுத்த பாட்டுக்குக் கை காட்டினார். பெருமாள்ராஜ் வலது கையை எடுத்துவிட்டான். இடது சுண்டுவிரல் மட்டும் நகர்ந்து, அன்றைக்கு அவள் நின்ற தைவதத்தில் இறங்கி, எடுக்காமல் அமுக்கியபடியே இருந்தது. அந்தக் கைதட்டலில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. கீழே மதுமதி சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பாட எடுக்கிறாற்போல அவள் வாய் திறந்திருந்தது.