சொந்தக் குரலில் வந்த அழைப்பு

வெள்ள அவசர அறையில் இருப்பவர்களுக்கு மழையைவிட இயக்குநரிடம்தான் பயம் அதிகம். அவ்வப்போது குரலை மாற்றிக்கொண்டு போன் செய்து அவர்களைச் சோதிப்பார்; கேட்டால் ஒத்திகை என்பார். ஒருநாள் பிள்ளைத்தாய்ச்சி, இன்னொரு நாள் காது மந்தமான கிழவர். இருமல் மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஏமாந்து படகு அனுப்பியவருக்கு எல்லார் முன்னிலையிலும் அர்ச்சனை.

அன்று கொட்டித் தீர்த்த மழையில், எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியை ஓர் அழைப்பை எடுத்தாள்.

"நான் இயக்குநர் பேசறேன். ரயில் பாலத்துக்குக் கீழ கார் மாட்டிக்கிச்சு."

சொந்தக் குரல்! அதுதான் அவளுக்கு உறுத்தியது. வேஷம் போடாமல் வருவதைவிடப் பெரிய வேஷம் ஏது?

"படகு அனுப்பவா?" பக்கத்து மேசைத் தம்பி கிசுகிசுத்தான்.

"சும்மா இருடா. போன தடவை வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா?" என்றவள், போனில் குழைந்தாள். "தண்ணி எதுவரைக்கும் சார்?"

"முழங்காலுக்கு. கதவு திறக்கல. கண்ணாடியும் இறங்கல."

"அப்ப பெல்ட்டைக் கழட்டிட்டு, சீட்டுத் தலையணையை உருவுங்க. அதோட கம்பியால பக்கக் கண்ணாடியை உடைங்க."

"ஆபீஸ் காரும்மா! உடைக்க ஒப்புதல் வேணும்."

பொறி வைக்கிறாரோ? அக்கா முடிவெடுப்பதற்குள் காரிலிருந்த டிரைவரின் குரல் போனில் குறுக்கே பாய்ந்தது.

"அக்கா, இவரு பெல்ட்டையே கழட்டல! ஃபைலு நனையும்னு தலைமேல தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு!"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். இருமலை நடிக்கலாம், இதை எவனாலும் நடிக்க முடியாது.

"படகை அனுப்புடா!" என்று தம்பியிடம் கத்தினாள். "சார், ஒப்புதல் நான் தரேன். ஃபைலைக் கீழ போடுங்க! டிரைவரண்ணே, கண்ணாடி மூலையில குத்துங்க. வெளிய வந்து கூரைமேல ஏறுங்க."

கண்ணாடி நொறுங்கியது. தண்ணீர் இரைந்தது. தம்பி நகத்தைக் கடித்துத் தீர்த்தான்.

"ஏறிட்டோம்க்கா," என்று டிரைவர் மூச்சு வாங்கினார். போன் கைமாறியது.

"பரவால்லம்மா, நல்லா செஞ்சே," இயக்குநரின் பற்கள் தந்தியடித்தன. "இதை ஒத்திகைன்னே பதிவு பண்ணிடு."

"ஆகட்டும் சார். ஆனா ஒத்திகைக்குப் படகு போகக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பாதி வழியில இருக்கு. திரும்பி வரச் சொல்லிடவா?"

மறுமுனையில் இருமல் வெடித்தது. இந்த முறை நடிப்பில்லை.