மெவ்லிதாவுக்குத் தூக்காத கைகள்

"அதை மட்டும் இப்போ கேட்டுடாதே, வெண்டலின்."

"எதை?"

"ஒரு வாரமா வாய்க்குள்ள போட்டு மென்னுக்கிட்டு இருக்கியே, அதை. நீ கேட்டா நான் சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் பாஸ்போர்ட்டுக்காக பஸ் டிரைவரை வளைச்சுப் போட்டுட்டாள்னு ஊரே பேசும்."

"பேசிட்டுப் போறாங்க."

"உனக்கென்ன, பஸ் கதவைச் சாத்திட்டுக் கிளம்பிடுவே. நான் இங்கதானே நடக்கணும்? முதல்ல இந்த ஊர் என்னை எனக்காகக் கை தூக்கி எடுத்துக்கட்டும். பொண்டாட்டின்னு இல்ல, மெவ்லிதான்னு. அதுக்கப்புறம் கேளு. அன்னிக்கு ராத்திரியே கேளு."

"அது வரைக்கும்?"

"மென்னுக்கிட்டே இரு."

என் தம்பி வெண்டலினும் மெவ்லிதாவும் என் சமையலறையில் இப்படிப் பேசியது இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், காதை எங்கே கழற்றி வைப்பது? அன்றிலிருந்து அவன் மென்றுகொண்டே இருந்தான். மலைப்பாதையில் மஞ்சள் தபால் பேருந்து ஓட்டுகிறவன், வளைவுகளில் காத்திருந்து பழகியவன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எதிரே உட்கார்ந்து காபியைக் கலக்கிக் கலக்கி ஆறவைப்பதைப் பார்க்க எனக்கே பொறுக்காது.

எங்கள் மலையூர் ஹின்டர்மாட்டில் குடியுரிமை கொடுப்பது அக்கம்பக்கத்தார், இங்கேயே பிறந்தவர்களுக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி போட்டு ஊர்க்கூட்டம் நடக்கும். பனி அள்ளும் வண்டி வாங்கலாமா, கழிவுநீர்க் குழாயை மாற்றலாமா என்று கை தூக்கி முடிவு செய்வோம். அதே வரிசையில், குழாய்க்கு அடுத்ததாக மனிதர்கள் வருவார்கள். விண்ணப்பித்தவர்கள் வெளியே போய் நிற்க வேண்டும். உள்ளே நாங்கள் கை தூக்குவோம், அல்லது தூக்க மாட்டோம். இதை நாங்கள் உலகத்திலேயே சுத்தமான ஜனநாயகம் என்று சொல்லிக்கொள்வோம். கூச்சமே இல்லாமல் சொல்வோம்.

மெவ்லிதா இந்தப் பள்ளத்தாக்கின் மருத்துவமனையில் பிறந்தவள். அவளுடைய அம்மா ராசிமா போஸ்னியாவிலிருந்து வயிற்றில் பிள்ளையோடு வந்தவள். மெவ்லிதா படித்தது எங்கள் பள்ளிக்கூடத்தில், பேசுவது எங்கள் பேச்சு. திட்டும்போதுகூட எங்கள் பள்ளத்தாக்கின் வசவைத்தான் திட்டுவாள். பல் மருத்துவரிடம் வேலை, பற்களைச் சுத்தம் செய்வது. ஊரில் பாதிப்பேரின் வாய்க்குள் அவள் விரல் போய் வந்திருக்கிறது. வரி கட்டுகிறாள், அந்தப் பணம் ஹலாலா என்று எங்கள் ஊராட்சி ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் ஊரை வெறுப்பு பிடித்த ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். வெறுக்கிறவனுக்குக் கொஞ்சமாவது முதுகெலும்பு வேண்டும். நாங்கள் சகித்துக்கொள்கிறவர்கள். பள்ளிவாசல்களுக்கு மினார் கட்டக் கூடாது என்று நாடே வாக்களித்தபோது எங்கள் ஊரும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. எங்கள் ஊரில் மினாரும் இல்லை, வேண்டும் என்று கேட்டவரும் இல்லை. ஆனால் வாக்களித்துவிட்டு வந்த கையோடு, "ராசிமா பக்லாவா அனுப்பினா, என்ன ருசி!" என்று சொல்ல எங்களால் முடியும்.

இதில் என் அம்மா மோனிகா முதல் வரிசை. மெவ்லிதா வீட்டுக்கு வர ஆரம்பித்ததும் அம்மா ஒரு புது வாணலி வாங்கினாள். பன்றிக்கொழுப்பு படாத வாணலி. நல்ல காரியம்தான். ஆனால் அதைச் சொல்லாத ஆள் இல்லை. ரொட்டிக்கடையில் சொன்னாள், பாதிரியாரிடம் சொன்னாள், எலும்பு முறிந்து கிடந்த சித்தியிடம் போய்ச் சொன்னாள். ஏதோ ஒரு சிறுநீரகத்தைக் கழற்றிக் கொடுத்த மாதிரி.

கூட்டத்துக்கு முன்னால் விசாரணைக் குழு மெவ்லிதாவின் வீட்டுக்கு வந்தது. இரண்டு பேர். பழைய பேட்டரியை எங்கே போட வேண்டும், தேவாலயத்துக்குப் பின்னால் தெரியும் மலையின் பெயர் என்ன, ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கலாமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வந்ததாம்.

"பன்னி சாப்பிடாதது உங்களுக்குக் கொள்கையா, பழக்கமா?"

"நீங்க பூனை சாப்பிடாத மாதிரின்னு எழுதிக்கோங்க," என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை என்னிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வெண்டலின் சிரிக்கவில்லை. "கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கலாம்ல?" என்றான். பாவம், அவன் கவலை அவனுக்கு.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நடுவில் அம்மா, ஒரு பக்கம் நான், மறுபக்கம் வெண்டலின். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான், மோதிரமும் பையில் இருந்தது. எனக்குத் தெரியும், அதை வாங்க அவனோடு போனதே நான்தான்.

முதல் விண்ணப்பம் டீட்மார் என்ற ஜெர்மானியருடையது. வந்து பத்து வருஷம் ஆகிறது, இன்னும் தெருவில் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. எங்கள் மாட்டு மணிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரண்டு தடவை புகார் கொடுத்தவர். மணியே கட்டக் கூடாது என்றவருக்கு எதிராக ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காடு முளைத்த மாதிரி கைகள் எழும்பின.

அடுத்து மெவ்லிதா. அவள் எழுந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் கோட்டு மாட்டும் வராந்தா. அவளும் சின்ன வயதில் கோட்டு மாட்டிய இடம்தான்.

ஊராட்சித் தலைவர் விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தார். எல்லாம் சரி, பரிந்துரைக்கிறோம் என்று முடிந்தது. "யாருக்காவது ஆட்சேபம் இருந்தா காரணத்தோட சொல்லணும்," என்றார். சும்மா பிடிக்கவில்லை என்று சொல்லச் சட்டம் விடாது.

ஆல்பின் எழுந்தார். எங்கள் யோடல் மலைப்பாட்டுக் குழுவின் தலைவர். மலை மேல் நின்று தொண்டையைத் திறந்தால் எதிர் மலை திரும்பிப் பாடும், அப்படிக் குரல்.

"அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்லை. நல்ல பொண்ணு. என் ஈறெல்லாம் அவ கையிலதான் இருக்கு," என்றார். சபை சிரித்தது. "ஆனா ஒரு விஷயம் மனசுல உறுத்துது. தேசிய நாள் அன்னிக்கு எல்லாரும் ஒரே நெருப்புலதான் சாசேஜ் சுடறோம். இந்தப் பொண்ணு மட்டும் கம்பி மேல அலுமினியத் தாளை விரிச்சு, அதுக்கு மேல அவ சாசேஜை வைக்கறா. ஏன், எங்க கம்பி அழுக்கா? நம்ம கூட ஒட்டாம இருக்கறதுக்கு இதை விட என்ன சாட்சி வேணும்? இணக்கம் போதாது. இதுதான் என் காரணம்."

நான் எழுந்துவிட்டேன். "ஆல்பின், உங்க பேத்திக்குக் கோதுமை ஆகாதுன்னு நீங்களும்தான் தாள் விரிக்கறீங்க!"

"அது வயித்துக் கோளாறு, ஆனலீஸ்."

"இது?"

"இது வேற."

வேறு என்றால் என்ன வேறு என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று தங்கள் காலணி முனையில் பார்க்க ஏதோ கிடைத்துவிட்டது. அந்தத் தலைகளை நான் வரிசையாகப் பார்த்தேன். ரொட்டிக்கடைக்காரி, மருந்துக்கடைக்காரர், எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த ஆசிரியை. தனியாகப் பிடித்துக் கேட்டால் ஒவ்வொருவரும் மெவ்லிதா தங்கமான பெண் என்று சொல்லுவார்கள். சேர்ந்து உட்கார்ந்தால் முட்டைக்கோஸ் பாத்தி.

"ஆதரிக்கறவங்க கை தூக்கலாம்."

வெண்டலின் கை கூரையை இடிக்கிற மாதிரி போனது. நானும் தூக்கினேன். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. அம்மாவின் இரண்டு கைகளும் மடியில் கைப்பையைப் பிடித்தபடி இருந்தன.

"அம்மா, கை!"

"பொறுடி. மத்தவங்க தூக்கட்டும்."

"அம்மா!"

"ஆல்பின் நேரா என்னைத்தான் பாக்கறான். நாளைக்கு அவன் பொண்டாட்டி கூட நான் சீட்டு விளையாடணும். எப்படியும் மத்தவங்க தூக்கிடுவாங்க, நீ சும்மா இரு."

எங்கள் ஊரின் பிழை இதுதான். மற்றவர்கள் தூக்கிவிடுவார்கள் என்று ஊரே காத்திருந்தது. ஆசிரியை மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார், அவர் ரொட்டிக்கடைக்காரியைப் பார்த்தார், அவள் என் அம்மாவைப் பார்த்தாள். கைகளை எண்ணுகிறவர் வரிசைகளைச் சுற்றி நடந்து முடித்தபோதும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"எதிர்க்கறவங்க?"

ஆல்பினும் அவருடைய பாட்டுக் குழுவும் தூக்கினார்கள். பெரிய கூட்டமில்லை. ஆனால் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை, பட்டென்று தூக்கினார்கள். அது போதுமானதாக இருந்தது. மெவ்லிதாவின் விண்ணப்பம் தோற்றது.

"நான் எதிர்த்துத் தூக்கலையே," என்று அம்மா என் காதில் சொன்னாள். சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது. என் அம்மாவை எனக்குப் பிடிக்கும். அந்த நிமிஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மெவ்லிதாவை உள்ளே அழைத்து, தலைவர் முடிவைச் சொன்னார். காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பது விதி. "அலுமினியத் தாள்," என்ற இடத்தில் அவர் இருமினார். அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு, "தாளா?" என்றாள். "ஆமாம்மா, தாள்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையசைத்தாள். வெண்டலின் தலை குனிந்திருந்தது. கை சட்டைப் பையை மூடியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல வெள்ளை ஒயினும் தின்பண்டமும். எங்களுக்கு எது நடந்தாலும் இது உண்டு. பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பிறை வடிவ ரொட்டிகள் தட்டுத் தட்டாக இருந்தன. ஓரத்தில் ஒரு தனித் தட்டு, அதில் வெறும் பாலாடைக்கட்டிப் பிறைகள், மேலே குச்சியில் ஒரு சின்னக் கொடி. தலைவரின் மனைவி அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"மெவி கண்ணு, உனக்குன்னே தனியா பண்ணினது. பன்னி படவே இல்ல. நாங்க இதையெல்லாம் மறக்கறதில்ல பாத்தியா!"

மெவ்லிதா ஒன்றை எடுத்துக்கொண்டாள். பிறகு வரிசை ஆரம்பித்தது. ஆசிரியை வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உன் பக்கம்தான்மா, உனக்கே தெரியும்."

"நானும்தான்," என்றார் மருந்துக்கடைக்காரர். "மனசளவுல."

ரொட்டிக்கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ராத்திரி தூக்கமே வராது."

"நாளைக்குக் காலைல நாலு மணிக்கு மாவு பிசையணுமே, தூங்குங்க," என்றாள் மெவ்லிதா.

ஆல்பின்கூட வந்தார். கையில் கோப்பை. "தனிப்பட்ட முறையில எடுத்துக்காதேம்மா. செவ்வாக்கிழமை எனக்கு நேரம் கொடுத்திருக்கே, அது உண்டுதானே?"

"உண்டு. வாயை நல்லாத் திறக்கணும்."

"அது எனக்குக் கஷ்டமா என்ன!" அவர் மனம்விட்டுச் சிரித்தார். அவருக்கு உண்மையாகவே மனதில் ஒன்றும் இல்லை. மூளையிலும்தான்.

கடைசியாக அம்மா வந்தாள். மெவ்லிதாவின் கன்னத்தைத் தடவினாள். "மனசை விட்டுடாதடி. ஒரு ரெண்டு வருஷம் போகட்டும், மறுபடி போடு. அந்தத் தாளை மட்டும் விட்டுடேன், என்ன கெட்டுப் போச்சு? கொஞ்சம் அனுசரிச்சா..."

"அம்மா, நீங்க கை தூக்கினீங்களா?" என்று கேட்டாள் மெவ்லிதா.

அம்மா கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள். நெடுநேரம் தேடினாள்.

மெவ்லிதா கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். ஒயின் குடிக்கிறவர்கள், பிறை தின்கிறவர்கள், பனி அள்ளும் வண்டியின் நிறத்தைப் பற்றி மும்முரமாகப் பேசுகிறவர்கள். சந்தையில் நல்ல பொருள் என்று நினைத்துக் கையில் எடுத்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பார்களே, அந்தப் பார்வை.

"வெண்டலின்."

சுவரோரம் நின்றிருந்த என் தம்பி நிமிர்ந்தான். "வீட்டுக்குப் போலாமா?"

"இரு. நான் யாருக்குப் பயந்து உன் வாயை அடைச்சு வெச்சிருந்தேன்னு இப்பத்தான் சரியாப் பாக்கறேன். இவங்களுக்கா? இவங்க பேசுவாங்கன்னா ரெண்டு வருஷம் உன்னைக் காக்கவெச்சேன்?"

பேச்சுச் சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆசிரியையின் கையிலிருந்த பிறை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"மெல்லப் பேசுடி, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் அம்மா.

"பாக்கட்டும். பாக்கறதைத் தவிர இவங்களுக்கு வேற என்ன தெரியும்?" அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "பாஸ்போர்ட்டுக்காகக் கட்டிக்கிட்டாள்னு சொல்லுவாங்க, சொல்லிக்கட்டும். கம்பி மேல தாள் போட்டதுக்கு இவ்வளவு பேசினவங்க, இதுக்கு என்ன பேசினா எனக்கென்ன? இவங்க மதிப்பை நான் இனிமே ஈறு அழுக்கோட சேர்த்துத் துப்பச் சொல்லிடுவேன். நீ கேளு."

"இங்கயா?"

"இங்கதான். ஆல்பினுக்கும் கேக்கற மாதிரி."

வெண்டலினின் காது நுனி வரை சிவந்துவிட்டது. அவன் சட்டைப் பையில் கையை விட்டான், மோதிரம் துணியில் சிக்கிக்கொண்டது, இழுத்தான், பையின் தையலே விட்டது. யாரையும் பார்க்காமல், நேராக அவளை மட்டும் பார்த்தபடி, பேருந்தில் கடைசி இருக்கைக்கும் கேட்கும்படி நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற அந்தக் குரலில் சொன்னான்:

"மெவ்லிதா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"